பிள்ளைக்குப் பூசும் களிம்பு எது?

(சிராங்கூனில் ஞாயிற்றுக்கிழமை கூடிய தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில், ஜோகூர் தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், விடுமுறை என்று பேசிப் பழகிய சங்க மேடையில் கைப்பிள்ளைக்குப் பூசுகிற களிம்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவர் அறிவித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிப்பதில் தவறில்லை, சிரித்துவிட்டுக் காதையும் கொடுங்கள்.

நான் செக்ரோல் எழுதுகிறவன். யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்பதை நாள்தோறும் என் பேனாதான் குறிக்கிறது. "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்டால் பால்மரம் வெட்டும் தாய்மார்கள் சொல்லும் பதில்களில் ஒன்று, "பிள்ளை இரவெல்லாம் அழுதது, கிராணி ஐயா, துணி கட்டுகிற இடம் வெந்து கிடக்கிறது" என்பது. பிள்ளையின் தொடையிடுக்கில் புண் வந்தால் தாய்க்குத் தூக்கம் போகிறது. தூக்கம் போனால் ஒரு நாள் பேர் போகிறது. பேர் போனால் கூலி போகிறது. அந்தக் கூலி போன வாரத்திலேயே களிம்புக்கும் காசு கேட்கிறது. இது சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று இன்னும் யாராவது நினைக்கிறீர்களா?

இன்று இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கூட்டம் முடிந்ததும் நீங்கள் நேரே பஸ் ஏறப் போவதில்லை. தேக்காவுக்குப் போவீர்கள், கேம்பல் லேனுக்குப் போவீர்கள், சையது ஆல்வி சாலையில் முஸ்தபாவுக்குள் நுழைந்தால் எந்தப் பக்கம் வெளியே வருவது என்று தெரியாமல் சுற்றுவீர்கள். பிள்ளைச் சாமான் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. வெள்ளை டப்பா, நீல டியூப், ரோஜா நிறக் களிம்பு, இந்தியாவிலிருந்து வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, ஐரோப்பாவிலிருந்து வந்தது. எல்லாப் பெட்டியிலும் ஒரு குண்டுப் பிள்ளை சிரிக்கிறது. எதை எடுப்பது? விலை கூடியதையா? பக்கத்து வீட்டு அக்காள் சொன்னதையா? பிள்ளையின் சிரிப்பைப் பார்த்தா?

மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் புண் எதனால் வருகிறது? களிம்பு என்ன செய்யும், என்ன செய்யாது? பெட்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைப் பார்த்தால் கீழே வைத்துவிட வேண்டும்? இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

பால் கொட்டகைப் பாடம்

தோழர்களே, இந்தப் புண்ணின் கதையைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுந்தவர்கள் கிடையாது. ஏனென்றால் நாம் அமோனியாவோடு பழகியவர்கள். வாளியில் கொண்டுவந்த பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றுகிறோம். கட்டியாக்க வேண்டுமானால் பார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். காரம் ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம். இந்த இரண்டில் எது மிஞ்சுகிறதோ அதற்கேற்பப் பால் குணம் மாறுகிறது. இது நமக்கு அன்றாட வேலை.

மனிதத் தோலும் அப்படித்தான். நல்ல தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மை உடையது. அந்தப் புளிப்புதான் அதற்குக் காவல். இப்போது அரைத்துணிக்குள் நடப்பதைப் பாருங்கள். சிறுநீரில் யூரியா இருக்கிறது. நாம் மரத்துக்குப் போடும் உரத்தில் இருக்கும் அதே யூரியாதான். மலத்தில் உள்ள கிருமிகள் அந்த யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகின்றன. விடிகாலையில் பிள்ளையின் துணியை அவிழ்த்தால் மூக்கில் ஏறும் நெடி, நம் பால் கொட்டகை நெடியேதான்.

அமெரிக்க மருத்துவர் குக் என்பவர் 1921ஆம் ஆண்டிலேயே இந்த அமோனியாவை உண்டாக்கும் கிருமியைக் கண்டு எழுதினார். அமோனியாவே தோலைச் சுடுகிறது என்று பல பத்து ஆண்டுகள் மருத்துவ உலகம் நம்பியது. 1977இல் புண் வந்த பிள்ளைகளையும் வராத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமோனியாவின் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை! பிறகு 1986இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் விளக்கம் தந்தன. அமோனியா நேரடியாகச் சுடுவதைவிட, தோலின் புளிப்பைக் கெடுத்துக் காரத் தன்மையைக் கூட்டுவதே அதன் முக்கிய வேலை. காரம் கூடியதும் மலத்தில் தூங்கிக் கிடக்கும் செரிமானச் சாறுகள் விழித்துக்கொள்கின்றன. சோற்றையும் கொழுப்பையும் பருப்பையும் வயிற்றுக்குள் கரைக்கும் வேலை அவற்றுடையது. வெளியே வந்தபின் கரைக்க வேறொன்றும் இல்லாதபோது பிள்ளையின் தோலைக் கரைக்கின்றன.

ஆகவே சிறுநீரும் மலமும் சேர்ந்து, நெடுநேரம், காற்றுப் படாமல், ஈரத்தோடு கிடப்பதுதான் மூல காரணம். மழைக்காலத்தில் ஈரக் காலணியோடு நிரையில் நடந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது அல்லவா? ஊறிப்போன தோல் சின்ன உராய்வுக்கும் உரியும். பிள்ளையின் தொடையிடுக்கிலும் ஊறல்தான் முதலில், புண் பிறகு.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் காரம் குறைவு. அதனால் இந்தப் புண்ணும் குறைவாகவே வருகிறது. வயிற்றுப்போக்கு வந்தாலோ, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தாலோ புண் கூடுதலாக வருகிறது. காரணம் தெரிந்துவிட்டால் எல்லாம் தானே பொருந்துகிறது பாருங்கள்.

களிம்பு மழைக்காப்பு

அடுத்து, களிம்பு என்ன செய்கிறது? இதற்கும் நம் தோட்டத்திலேயே பதில் இருக்கிறது.

மழைக்காலத்தில் மரத்தில் வெட்டுக்கு மேலே பாவாடை போல ஒரு மழைக்காப்பு கட்டுகிறோம். தண்ணீர் வழிந்து வெட்டுப் பட்டையில் இறங்காமல் அது தடுக்கிறது. பட்டையில் ஆழமாகக் காயம் பட்டால் மேலே மருந்து பூசி மூடுகிறோம். புதுப்பட்டையை வளர்ப்பது அந்த மருந்தா? இல்லை. பட்டையை மரமே வளர்த்துக்கொள்கிறது. நாம் ஈரமும் பூஞ்சையும் அண்டாமல் காவல் வைக்கிறோம், அவ்வளவே.

பிள்ளைக் களிம்பும் அதே காவல்தான். ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் நிற்கும் நேரத்தில் தோல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது. பிள்ளையின் தோல் வேகமாக ஆறும் தோல். இடைஞ்சல் செய்யாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

இந்தச் சுவரை எழுப்ப உலகம் நெடுங்காலமாக இரண்டு பொருள்களையே பெரிதும் நம்பி வந்திருக்கிறது. ஒன்று துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். 'சிங்க் ஆக்சைடு' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். இது தண்ணீரில் கரையாது; தோலை எரிக்காது. மற்றொன்று பாரபின் என்ற, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகுக் கொழுப்பு. செஸ்பரோ என்ற அமெரிக்கர் 1872இல் காப்புரிமை பெற்று, வாசலின் என்ற பெயரில் விற்ற பண்டம் அதுதான். டப்ளின் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் 1931இல் உருவாக்கி, இன்று உலகெங்கும் விற்பனையாகும் சூடோகிரீமில் துத்தநாக ஆக்சைடு 15.25 விழுக்காடு. பிரிட்டிஷ் மருந்து நூலில் உள்ள பழைய களிம்பு ஒன்று துத்தநாகத்தையும் விளக்கெண்ணெயையும் சேர்த்துச் செய்வது. ஆமாம், நம் பாட்டிமார் பிள்ளைக்குத் தேய்க்கும் அதே விளக்கெண்ணெய்! அந்தக் களிம்பில் கடலை எண்ணெயும் சேர்வதுண்டு. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அதைப் பூசக் கூடாது.

பெட்டியில் உள்ள பெயர் பத்தாக இருக்கலாம். உள்ளே வேலை செய்யும் சரக்கு பெரும்பாலும் இந்த இரண்டுதான். இதைத் தெரிந்துகொண்டவரை விளம்பரம் ஏமாற்ற முடியாது.

வாங்கும் முறை

பெட்டியைத் திருப்புங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம். பொடி எழுத்தைப் படியுங்கள். ஆங்கிலம் வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

முதலாவது, துத்தநாக ஆக்சைடு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். புண் வராமல் தினமும் காப்பதற்கு 10 முதல் 15 விழுக்காடு உள்ளதோ, வெறும் பாரபின் களிம்போ போதும். சிவந்து புண்ணாகிவிட்டால் 25 முதல் 40 விழுக்காடு உள்ள கெட்டியான பசை நல்லது.

இரண்டாவது, பொருள் பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வாசனைத் திரவியம் வேண்டாம். பிள்ளைக்கு இயல்பாகவே நல்ல மணம் உண்டு. அதற்கு மேல் ரோஜா மணம் தேவையில்லை. வாசனைக்காகச் சேர்க்கும் சரக்குதான் பல தோல்களில் அரிப்பைக் கிளப்புகிறது.

மூன்றாவது, டப்பாவைவிட டியூப் நல்லது. டப்பாவுக்குள் ஓயாமல் விரல் போகிறது. விரலோடு கிருமியும் போகிறது. டப்பாதான் கிடைக்கிறது என்றால் சுத்தமான சிறு கரண்டியால் எடுங்கள். ஒரு வீட்டு டப்பாவை அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, மருந்து என்று விற்பதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும். மலேசியாவில் பதிவான மருந்துக்கு 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். அழகுப் பொருளாக அறிவிக்கப்பட்டதற்கு 'என்ஓடி' என்று தொடங்கும் எண் இருக்கும். சிங்கப்பூர் மருந்துக்கு 'எஸ்ஐஎன்' என்று தொடங்கும். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, "அம்மா கைப்பக்குவம்" என்று வெறும் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள் என்றால், எவ்வளவு தேன் ஒழுகப் பேசினாலும் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். விலை கூடக் கூட துத்தநாகத்தின் குணம் கூடுவதில்லை. ஒரு நாள் கூலியை விழுங்கும் டியூபும், அதில் சின்னப் பங்குக்குக் கிடைக்கும் சாதாரணத் துத்தநாகப் பசையும் ஒரே சுவரைத்தான் எழுப்புகின்றன. மிச்சக் காசுக்கு நல்ல பருத்தித் துணி நாலு கெஜம் வாங்குங்கள்.

கீழே வைத்துவிட வேண்டியவை

இனிச் சொல்லப் போவதைத் தாய்மார்கள் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் தோல் மெல்லியது. எடைக்கு ஒப்பிட்டால் நம்மைவிட அதற்குத் தோல் பரப்பு அதிகம். மேலே பூசுவது உள்ளே இறங்குகிறது. அதிலும் புண்ணான தோல் திறந்த கதவு.

ஒரு காலத்தில் போரிக் பவுடர் இல்லாத வீடே கிடையாது. கண்ணுக்கு அது, காதுக்கு அது, பிள்ளைப் புண்ணுக்கும் அதுவே. 1953இல் கனடா நாட்டு மருத்துவர்கள் இருவர், தாங்கள் கண்ட 4 பேரோடு, உலக மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருந்த 109 போரிக் அமில நஞ்சேற்றங்களையும் தொகுத்து வெளியிட்டார்கள். சாதுவான வெள்ளைத் தூள் என்று உலகமே நம்பியது, புண்பட்ட தோல் வழியாக இரத்தத்தில் கலந்து பிள்ளைகளைக் கொன்றிருந்தது. பழைய பெட்டிக்குள் அந்தத் தூள் இன்னும் கிடந்தால் எடுத்து எறியுங்கள்.

1972இல் பிரான்சு நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. பிள்ளைகளுக்குப் போடும் முகப்பவுடர் ஒன்றில் ஹெக்சாகுளோரோபீன் என்ற கிருமிக்கொல்லி தவறுதலாக 6 விழுக்காட்டுக்கு மேல் கலந்துவிட்டது. தாய்மார்கள் வழக்கம் போல அரைத்துணிக்குள் தூவினார்கள். 36 பிள்ளைகள் மாண்டார்கள். கிருமியைக் கொல்வது என்றால் நல்லது என்று நினைக்கிறோம். அது எவ்வளவு, எங்கே என்பதையும் கேட்க வேண்டும்.

பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. தூவும்போது எழும் புகையைப் பிள்ளை மூச்சில் இழுக்கிறது. நுரையீரலுக்கு அது ஆகாது. களிம்பின் மேல் தூவினால் இடுக்கில் கட்டி கட்டியாகத் திரண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. டால்க் என்ற கல்தூளால் செய்த பிள்ளைப் பவுடரை, அதை உலகெங்கும் விற்ற ஜான்சன் நிறுவனமே 2023இல் எல்லா நாடுகளிலும் நிறுத்திவிட்டது. பவுடர் இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியும்.

கற்பூரம், மென்தால், வலி நீக்கும் தைலங்கள் ஆகியவற்றைக் கைப்பிள்ளையின் தோலில் எங்கும் பூசக் கூடாது. நம் மூக்குக்குச் சுகமாக இருப்பது அதன் மூளையைத் தாக்கி வலிப்பை வரவழைக்கலாம்.

இங்கே சிராங்கூனில் நின்றுகொண்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. புக்கிட் தீமா சாலையில் இருப்பது கேகே மருத்துவமனை. கண்டாங் கெர்பாவ் என்பதன் சுருக்கமே கேகே. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரத்தில் எழுந்த அந்த ஆஸ்பத்திரியில் 1966ஆம் ஆண்டு ஒரே வருஷத்தில் 39,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். உலகச் சாதனை என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் பிறந்த பல பிள்ளைகள் சில நாள்களுக்குள் கடும் மஞ்சள் காமாலை கண்டு, மூளை கெட்டு இறந்தார்கள். தப்பிய பலர் ஊனமுற்றார்கள். பேராசிரியர் வோங் ஹோக் பூன் முதலிய மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, ஜி6பிடி என்ற பொருள் இரத்தத்தில் குறைவாக இருப்பது ஒரு பெருங்காரணம் என்று தெரிந்தது. இந்தக் குறை உள்ள பிள்ளைக்குச் சில பொருள்கள் நஞ்சு. அவற்றில் ஒன்று பாச்சை உருண்டை! பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டு மடித்து வைத்த பழைய துணியை எடுத்து அப்படியே பிள்ளைக்குக் கட்டினால், அந்த வாசனையே இரத்த அணுக்களை உடைக்கப் போதும். 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இந்தக் குறை உண்டா என்று சோதிக்கிறார்கள். மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சோதனை நடக்கிறது. பிரசவ அட்டையில் முடிவு எழுதியிருக்கும். போய்ப் பாருங்கள். குறை உண்டு என்று இருந்தால், எந்தக் களிம்பு வாங்கும்போதும் மருந்துக் கடையில் அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். குறை இல்லாவிட்டாலும் பிள்ளைத்துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை வேண்டாம்.

இரண்டு நாளில் மாயம்

எல்லாவற்றையும்விட இன்று நம்மைச் சுற்றி அதிகமாகத் திரியும் ஆபத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். அது ஸ்டீராய்டு களிம்பு.

எங்கள் தோட்டத்துத் தாய் ஒருத்தி, சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்த டியூப் ஒன்றைப் பிள்ளைக்குப் பூசினாள். இரண்டே நாளில் சிவப்பு மாயமாய் மறைந்தது. லயமெல்லாம் அதே பேச்சு. பூசுவதை நிறுத்தினால் மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. மறுபடி பூசினாள், மறுபடி மறைந்தது. இப்படி மாதம் ஒன்று கடந்தபின் தோல் காகிதம் போல மெலிந்து, நரம்பு தெரிந்தது. டியூபை வாங்கி நான் பொடி எழுத்தைப் படித்தேன். பூஞ்சை மருந்தோடு பீட்டாமெத்தசோன் என்று இருந்தது. அன்றே டாக்டரிடம் அனுப்பினோம். பிள்ளை இப்போது நலம்.

பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமீட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாத களிம்பு. அரைத்துணி இறுக்கமாக மூடியிருப்பதால் மருந்து கூடுதலாக உள்ளே போகிறது. தோல் மெலியும், முகம் உருண்டையாகும், பிள்ளையின் வளர்ச்சியே தடைப்படலாம். இந்தியாவில் இவை பெட்டிக்கடையிலும் கிடைக்கும் நிலை இருந்ததால்தான் 2018இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையமும், ஸ்டீராய்டை ஒளித்துக் கலந்து, பெயர் போடாமல் விற்கும் களிம்புகளைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆகவே இரண்டு நாளில் மாயம் செய்யும் களிம்பைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டாக்டரே சில சமயம் மென்மையான ஸ்டீராய்டை சில நாள்களுக்குக் கொடுப்பதுண்டு. அப்போது அவர் சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

பூசுவதும் ஒரு வேலை

நல்ல கத்தி கையில் இருந்தும் வெட்டத் தெரியாவிட்டால் மரம் கெடும். களிம்பும் அப்படித்தான்.

துணி நனைந்தால் உடனே மாற்றுங்கள். மலம் போனால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். வாசனை சேர்த்த ஈரத்தாள் வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இடுக்கெல்லாம் நன்றாக உலரட்டும். பிறகு களிம்பைப் பூசுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லிசாக அல்ல. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போலத் தோல் தெரியாமல் பூச வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேல்பூச்சை மட்டும் துடைத்துவிட்டு, அடியில் நிற்கும் வெள்ளையை விட்டுவிடுங்கள். அதைச் சுரண்டி எடுத்தால் ஆறும் தோலும் கூடவே வரும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள்.

நாளுக்கு இரண்டு மூன்று தடவை பிள்ளையைத் துணியில்லாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். காசில்லாத மருந்து காற்று. அரைஞாண் கயிறு இறுகி ஈரம் தேங்கினால் தளர்த்துங்கள். துணியைத் துவைத்தபின் சவர்க்காரம் முற்றிலும் போகும்வரை அலசி, வெயிலில் உலர்த்துங்கள். பெம்பர்ஸ் கட்டுகிறவர்கள், காசு ஆகிறதே என்று ஒன்றையே காலையிலிருந்து மாலைவரை விட்டுவைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும், மலத்தை உறிஞ்சாது.

பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். தேங்காய் எண்ணெய் நல்லதுதான். நல்ல தோலில் தடவலாம். ஆனால் அது சீக்கிரம் ஓடிவிடும், சுவராக நிற்காது. மஞ்சளும் வசம்பும் உரிந்த புண்ணில் எரியும். அவற்றைப் புண்ணில் போட வேண்டாம்.

இத்தனை செய்தும் இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால், அது வெறும் ஈரப்புண் அல்ல. தொடை மடிப்புக்குள்ளேயே இரத்தச் சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தால் பூஞ்சை சேர்ந்துவிட்டது. அதற்குத் துத்தநாகம் போதாது. நிஸ்டாட்டின், குளோட்ரிமசால் போன்ற மருந்து வேண்டும். டாக்டர் பார்த்துக் கொடுப்பார். சீழ், கொப்புளம், இரத்தம், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூலி போகிறதே என்று பார்க்காதீர்கள்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே, களிம்பைப் பற்றிப் பேச வந்தவன் கடைசியில் எங்கே வந்து நிற்கிறேன் என்று பாருங்கள். இந்தப் புண்ணுக்கு முதல் மருந்து துணியை உடனுக்குடன் மாற்றுவது. அதற்குக் களிம்பு போதாது. ஒரு ஆளின் கை வேண்டும், தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும்.

மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. தொழிலாளர் சங்கங்கள் பல காலம் கேட்டுக் கிடைத்தது. நல்லது. ஆனால் தொண்ணூற்று ஒன்பதாம் நாள் விடிகாலையில் தாய் மரத்தடிக்குப் போகிறாள். பிள்ளை ஆயாவிடமோ, பாட்டியிடமோ போகிறது. அங்கே பத்துப் பிள்ளைக்கு ஒரு கை, ஒரு வாளித் தண்ணீர் என்றால், முஸ்தபாவில் உள்ள டியூபெல்லாம் வாங்கிப் பூசினாலும் அந்தப் புண் ஆறாது.

ஆகவே கூட்டத்தின் முன் நான்கு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, பிள்ளைக் கொட்டகை உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் குழாய்த் தண்ணீரும், பிள்ளையைக் கிடத்தித் துணி மாற்ற ஒரு மேடையும் கேட்க வேண்டும். இரண்டு, ஆயாக்களின் எண்ணிக்கை பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்று, தோட்ட மருந்தகத்தில் காய்ச்சல் மாத்திரையோடு வாசனையில்லாத துத்தநாகக் களிம்பும் இருப்பில் இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு அது பெரிய செலவல்ல. நான்கு நமக்கே: ஆண்களாகிய நாம் வீட்டில் இருக்கும்போது துணி மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆயிரம் மரத்துக்கு மங்கு கவிழ்க்கும் கைக்கு ஒரு பிள்ளையின் துணியை அவிழ்த்துக் கட்டுவது முடியாத வேலையா?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பொடி எழுத்தை நாம் படிக்க முடியும், எல்லோராலும் முடியாது. யாராவது ஒரு தாய் டியூபை நீட்டி, "இது நல்லதா, ஐயா?" என்று கேட்டால், கணக்கு முடியவில்லை என்று முகத்தைத் திருப்பாமல் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். துத்தநாகம் இருக்கிறதா? வாசனை இல்லையா? ஸ்டீராய்டு இல்லையா? பதிவு எண் உண்டா? நாலே கேள்விதான். ஒரு நிமிஷம் ஆகும்.

கடைகள் இன்னும் திறந்திருக்கின்றன. போய் வாங்குங்கள்; பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.